சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர், நடுவில் ஒரு ஆமை

"இது இதுக்கு மேல வளராதுங்க" என்று சொல்லித்தான் அந்தப் பச்சை ஆமைக்குட்டியை விற்கிறார்கள். வளரும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, மீன் கடைத் தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அந்த நாணய அளவுக் குட்டி, ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வருடங்களில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும். பெண்ணாக இருந்தால் ஓடு மட்டும் ஒரு அடியை நெருங்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம்கூட இருக்கும். வளராமல் அப்படியே நிற்கிற ஆமையும் உண்டுதான், ஆனால் அது தீனியும் வெயிலும் இல்லாமல் நின்றுபோன ஆமை, அதைக் காட்டி அடுத்த குட்டியை விற்பார்கள்.

அதன் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். சொந்த ஊர் அமெரிக்காவின் தெற்குப் பக்கம், மிசிசிப்பி ஆற்றுப் படுகை, அப்புறம் வடக்கு மெக்ஸிகோ. அந்த அமெரிக்காவிலேயே 1975-லிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமையைச் செல்லப் பிராணியாக விற்கக்கூடாது என்று தடை இருக்கிறது. காரணம் ஆமையின் மேல் உள்ள பரிவு இல்லை, சின்னக் குழந்தைகள் குட்டியை வாயில் வைத்து, தொட்டுவிட்டுக் கையைச் சூப்பி, சால்மோனெல்லா கிருமியால் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்ததுதான். இங்கே விற்பது முழுக்க முழுக்க அந்த 4 அங்குலத்துக்குக் குறைவான சைஸ்தான். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் இதை வாங்காதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஆமைத் தொட்டியைச் சமையல் ஸிங்க்கில் கழுவக்கூடாது. இதில் பேரம் இல்லை.

நான் ஆமை வளர்ப்பதற்கு எதிரி இல்லை, சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடியில் தொட்டி கட்டி வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வருத்தமெல்லாம் நம் ஆட்கள் யூட்யூபைப் பார்த்து வளர்ப்பதில்தான். அந்த வீடியோக்களை எடுப்பவர்கள் வருடத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்கள். அவர்கள் விளக்கு வாங்கு, ஹீட்டர் வாங்கு என்கிறார்கள், நாம் சேலம் ஐந்து ரோட்டில் நாற்பது டிகிரி வெயிலில் நின்றுகொண்டு ஆன்லைனில் ஹீட்டர் ஆர்டர் போடுகிறோம். அதே சமயம் முப்பது கிலோமீட்டர் மேலே ஏற்காட்டில் இருப்பவர், சேலத்துக்காரர் சொன்னதைக் கேட்டு வெறும் தொட்டியில் ஆமையை விட்டு, மார்கழியில் அது சாப்பிடவில்லை என்று கவலைப்படுகிறார். ஒரே ஆமைதான். ஊர்தான் வேறு.

எங்கள் அத்தைக்கு முதலில் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, தெரியாதா கண்ணு உனக்கு?" என்றார். அவருடைய தோழி வீட்டு ஹாலில் தண்ணீர்க் கிண்ணத்தில் பித்தளை ஆமை உட்கார்ந்திருக்கிறது, அது வாஸ்துவாம், அது பரவாயில்லையாம். இப்போது கீரை ஆய்ந்து முடித்ததும் காம்புகளை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவது அத்தைதான், அது தனிக் கதை.

முதலில் இடம். தண்ணீர் ஆமைக்கு ஓட்டின் நீளம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. 10 அங்குல ஆமை என்றால் 400 லிட்டர். கண்ணாடித் தொட்டியில் இதைச் செய்யப் போனால் வீட்டுக் கடன்தான் வாங்க வேண்டும். நம்ம ஊரில் அதற்கு அவசியமும் இல்லை: சிமென்ட் தொட்டி கட்டலாம், பழைய சின்டெக்ஸ் டேங்கைக் குறுக்கே அறுத்துக்கொள்ளலாம். புதுச் சிமென்ட் தொட்டி என்றால் அதில் சுண்ணாம்புச் சத்து இறங்கித் தண்ணீர் காரமாகிவிடும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றிவிட்டுத்தான் மீன் விடுவார்கள், ஆமைக்கும் அதையே செய்யுங்கள். மாடியில் வைப்பதாக இருந்தால் 400 லிட்டர் என்பது 400 கிலோ, தொட்டியின் எடை தனி. அதை ரூஃப் ஸ்லாப்பின் நடுவில் கொண்டுபோய் வைக்காமல் கீழே சுவரோ பீமோ வருகிற இடமாகக் கொத்தனாரிடம் கேட்டு வையுங்கள்.

ஆழம் ஆமையின் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறைய இருந்தால் பாவம் என்று நினைத்துக் கணுக்கால் அளவு தண்ணீரில் விடுவார்கள், அதில்தான் ஆபத்து, மல்லாந்து விழுந்தால் திரும்பிப் புரள முடியாமல் தலை தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு அடிக்காவது சுவர் வேண்டும், ஏனென்றால் ஆமை ஏறும். மெதுவான பிராணி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நாள் மாடிக் கைப்பிடிச் சுவர்வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்தால்தான் நம்புவார்கள். மேலே கம்பி வலை கட்டாயம். காக்காய்க்குக் குட்டி ஆமை என்றால் தின்பண்டம். எங்கள் பக்கம் மலையடிவாரமாக இருப்பதால் கீரி வரும், குரங்கு வரும். குரங்கு ஆமையைத் தின்னாது, ஆனால் தூக்கிப் பார்க்கும், அப்புறம் எந்த மாடியில் வைத்துவிட்டுப் போகும் என்று சொல்ல முடியாது.

தொட்டிக்குள் ஆமை முழுசாக வெளியே வந்து உடம்பு காய்கிற மாதிரி ஒரு மேடை இருக்க வேண்டும். கால் தண்ணீரிலும் முதுகு வெயிலிலும் என்பது கணக்கில் வராது, அடிவயிற்று ஓடும் காய வேண்டும், இல்லையென்றால் ஓட்டில் பூஞ்சை வரும், அழுகல் வரும். மேடைக்குக் கடப்பாக்கல் போடாதீர்கள், சித்திரை வெயிலில் அதில் தோசை ஊற்றலாம். மரக்கட்டை நல்லது, ஏறுவதற்குச் சரிவாகச் செங்கல் அடுக்கினால் போதும்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் ஆமை வளர்ப்பில் முக்கால்வாசி இதுதான். ஆமையின் ஓடு கழற்றி மாட்டுகிற சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்துதான் ஓடாகியிருக்கிறது, தொட்டால் அதற்குத் தெரியும். அத்தனை எலும்புக்கும் கால்சியம் வேண்டும், சாப்பிட்ட கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அந்த டி3 தோலில் உருவாக வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர், அதிலும் யூவிபி என்கிற பகுதி வேண்டும். அது இல்லையென்றால் என்ன தீனி போட்டாலும் ஓடு அழுத்தினால் அமுங்குகிற மாதிரி மெத்தென்று ஆகும், கால் வளையும், தாடை வளையும். ஜன்னலோரத் தொட்டியில் வெயில் விழுகிறதே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேண்டியது மட்டும் வராது. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காகத்தான் காசு கொட்டித் தனி விளக்கு வாங்குகிறார்கள். சேலத்தில் மொட்டை மாடியோ வாசலோ இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஆனால் அதே வெயில்தான் இங்கே ஆமையைக் கொல்வதும். ஆமைக்கு வியர்க்காது, உடம்புச் சூடு சுற்றியிருக்கிற சூட்டைப் பொறுத்துத்தான் ஏறும் இறங்கும், அதனால் அது நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் தன்னைச் சமாளித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் டப்பில் அரைச்சாண் தண்ணீர் ஊற்றி "கொஞ்சம் வெயில் படட்டும்" என்று வாசலில் வைத்துவிட்டு, டவுன் வரைக்கும் போய்வந்தால் ஏப்ரல் மாதத்தில் அந்தத் தண்ணீர் குளிக்கக்கூட ஆகாத சூட்டில் இருக்கும், ஆமைக்குத் தப்பி ஓட இடம் இருக்காது. ஸ்லைடருக்குத் தண்ணீர் 24-லிருந்து 28 டிகிரிக்குள், வெயில் காயும் மேடை 30-லிருந்து 35 வரை இருந்தால் சுகம். எங்கள் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பச்சை நிழல் வலை கட்டியிருக்கிறேன், கிழக்குப் பக்கம் மட்டும் திறப்பு, காலை வெயில் நேராக மேடையில் விழும், பத்து பதினோரு மணிக்கு மேல் அதுவாகவே நிழலுக்குப் போய்விடும். தண்ணீர் நிறைய இருந்தால் சீக்கிரம் சூடேறாது, 400 லிட்டர் சொன்னதில் அதுவும் ஒரு காரணம். மே மாதத்தில் சாயங்காலம் கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவேன். ஐஸ் கட்டியைக் கொட்டுகிற வேலை வேண்டாம், சடாரென்று சூடு மாறுவதும் அதற்கு நல்லதில்லை.

மலைக்கு மேலே கதை தலைகீழ். என் சித்தி மகன் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருக்கிறான். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், குளிர் மாதங்களில் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும், மழைக்காலத்தில் நாள் கணக்காக மூடுபனி, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. "அக்கா, நீ சொன்ன மாதிரிதான் வெச்சிருக்கேன், தின்னவே மாட்டேங்குது" என்று போன் வந்தது. நான் சொன்னது சேலத்துக்கு. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் ஸ்லைடரின் பசி அடங்கிவிடும், வயிற்றில் இருப்பதும் செரிக்காமல் கிடக்கும், அந்த நேரத்தில் பாவம் என்று ஊட்டிவிடுவதுதான் மோசம். அதன் சொந்த ஊரில் நிஜமான குளிர்காலத்தில் குளத்தடியில் போய் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது, பகலில் கொஞ்சம் சூடு, ராத்திரி குளிர், அதனால் தூங்கவும் தூங்காது, விழித்திருந்து தின்னவும் தின்னாது, அப்படியே இழுத்துக்கொண்டு போய் மூச்சுக்குழாய்த் தொற்றில் நிற்கும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்வது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் போகிற நேரம் வந்துவிட்டது.

ஆக, ஏற்காட்டில் ஹீட்டர் வேண்டும், சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் உள்ளது, மேலே பிளாஸ்டிக் கூடு போட்டது. கூடு இல்லாத கண்ணாடி ஹீட்டரை ஆமை இடித்தே உடைத்துவிடும். யூவிபி விளக்கும் வேண்டும், விளக்குக்கும் ஆமைக்கும் நடுவில் கண்ணாடி மூடி இருக்கக்கூடாது, பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் தீர்வதற்கு முன்னாலேயே யூவிபி தீர்ந்துவிடும். மலையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்பது வேறு பிரச்சினை. அதனால் இப்போது நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: கார்த்திகை முடிகிற சமயம் அவனுடைய ஆமை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி எங்கள் மாடிக்கு வந்துவிடும், மாசி வாக்கில் திரும்ப ஏறும். மே மாதச் சூட்டுக்கு என்னுடையதை மேலே அனுப்பலாமா என்று யோசித்ததுண்டு, மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அந்த ரோட்டில் மாட்டிக்கொண்டு யார் நிற்பது என்று விட்டுவிட்டேன். கொண்டு போகும்போது வாளித் தண்ணீரில் விட்டுக் கொண்டு போகாதீர்கள், வளைவில் வாளி ஆடும்போது ஆமை புரண்டு களைத்துவிடும். காற்றோட்டம் உள்ள பெட்டியில் ஈரத்துண்டு விரித்து அதன்மேல் விட்டால் போதும், நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி, சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் ஆகாது.

தண்ணீரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்த் தண்ணீர், குளோரின் வாசம் இருக்கும். மீனைப்போல ஆமைக்குச் செவுள் இல்லாததால் அந்தக் குளோரின் அதை உடனே ஒன்றும் செய்துவிடாது, ஆனால் ஃபில்டருக்குள் கழிவைத் தின்று வாழ்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அப்புறம் எவ்வளவு பெரிய ஃபில்டர் போட்டாலும் தொட்டி நாறும். ஒரு நாள் டிரம்மில் திறந்து வைத்து வெயில் பட்டதும் ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயில் வேண்டாம். ஆமைக்கு மீன் தொட்டி ஃபில்டர் பத்தாது, தண்ணீர் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் என்று போட்டிருக்கிற ஃபில்டர் வேண்டும், ஏனென்றால் ஆமை கழிப்பது அந்த லட்சணத்தில் இருக்கும். தீனியைத் தனி டப்பில் வைத்துப் போட்டுப் பழக்கினால் வேலை பாதியாகக் குறையும். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், எங்கள் வீட்டுச் செம்பருத்தி பூக்கிற பூவெல்லாம் அந்தத் தண்ணீரின் உபயம்.

போர் தண்ணீர் என்றால் நம்ம ஊரில் உப்புக் கட்டும், வெள்ளைக்கல் (மாக்னசைட்) தோண்டுகிற ஊர்தானே. ஓட்டின்மேல் வெள்ளையாகப் படியும், அது நோய் இல்லை, சுரண்டாதீர்கள். சுரண்டி ஓட்டில் கீறல் போட்டால்தான் நோய். அழுகல் என்றால் அந்த இடம் மெத்தென்று குழியும், நாற்றம் வரும், வித்தியாசம் கையிலேயே தெரியும். சில வீடுகளில் ஓடு பளபளக்க எண்ணெய் தேய்க்கிறார்கள், நெயில் பாலிஷ் அடித்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போகவில்லை.

தீனி. கடையில் டப்பாவில் தருகிற காய்ந்த இறால் ஒரு தீனியே இல்லை, அதை நமக்கு முறுக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் தின்று வளர்கிற குட்டிக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், கண் தெரியாததால் தீனியைத் தேடாது, தின்னாததால் இன்னும் வீங்கும். கண் மருந்து போட்டால் மட்டும் போதாது, சாப்பாடு மாற வேண்டும். குட்டியாக இருக்கும்போது ஸ்லைடருக்குப் புரதம் நிறைய வேண்டும், நல்ல பெல்லட் (ஆமைக்கென்று விற்கிற குருணைத் தீனி), மண்புழு, சின்ன மீன். வளர வளர அது இலைதழைப் பக்கம் சாய்ந்துவிடும். முருங்கைக் கீரையில் கால்சியம் அதிகம், எங்கள் வீட்டில் அதுதான் பிரதானம். செம்பருத்தி இலை, பூ, தண்ணீரில் மிதக்கிற ஆகாயத் தாமரை எல்லாம் நல்லது. பாலக் கீரையை எப்போதாவது கொடுக்கலாம், தினமும் கூடாது, அதில் இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதம், பிஸ்கட், பிரெட் வேண்டாம். கால்சியத்துக்கு இறக்குமதிக் கட்டி தேடி அலைய வேண்டியதில்லை, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், அது கணவாய் மீனின் உள் ஓடுதான், தொட்டியில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். என்னங்க இருமலா என்று கடைக்காரர் கேட்டால் ஆமைக்கு என்று சொல்லிப் பாருங்கள், முகம் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் ஆமைக்கு. நில ஆமை முற்றிலும் வேறு பிராணி, அதற்கு நீந்தவே தெரியாது, தொட்டியில் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும். புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்திலும் கிணற்றிலும் நில ஆமையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், யானைக்கால் மாதிரி உருண்டைக் கால் இருந்தால் அது நடக்கிற ஆமை, விரல் நடுவே சவ்வு இருந்தால் நீந்துகிற ஆமை, இவ்வளவு பார்த்தால் போதும்.

நட்சத்திர ஆமை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: கேட்காதீர்கள். மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்த அந்த ஓட்டின் அழகுதான் அதற்கு எமன், நம் வறண்ட முட்காடுகளிலிருந்து பிடித்து மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றுகிறார்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம், 2022-இல் திருத்திய பிறகு அது முதல் அட்டவணைக்குப் போய்விட்டது, புலி இருக்கிற அட்டவணை. மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. சர்வதேச வணிகத்தையும் 2019-இல் அடைத்துவிட்டார்கள். ராசிக்கு வாங்கி வைத்து ஜாமீனுக்கு அலைய வேண்டுமா?

நம் கிணறுகளிலும் ஏரிகளிலும் இருக்கிற கறுப்பு ஆமையும் பாலாமையும்கூட இதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. முன்பெல்லாம் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று கிணற்றில் ஒரு ஆமையை விட்டு வைப்பார்கள், எங்கள் அப்பாரு தோட்டத்துக் கிணற்றிலும் இருந்தது. மழை பெய்த மறுநாள் பனமரத்துப்பட்டி ரோட்டிலோ வேறெங்கோ ஆமை ரோட்டைக் கடப்பதைப் பார்த்தால் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், "ஏரியில் விட்டுவிடுகிறேன்" என்று வந்த பக்கமே திருப்பியும் விடாதீர்கள். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டி வையுங்கள். அதற்கு வழி தெரியும்.

அப்புறம் சல்காட்டா. சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து ஆமை, குட்டியாக இருக்கும்போது மண்ணிறப் பந்து மாதிரி அவ்வளவு லட்சணமாக இருக்கும். உலகத்து நில ஆமைகளில் அளவில் மூன்றாம் இடம், நாற்பது ஐம்பது கிலோவுக்கு வளரும், எழுபது வருடம்கூட இருக்கும். உண்மையைச் சொன்னால் சேலத்துத் தோட்டத்து மண்ணும் வெயிலும் ஸ்லைடரைவிட இதற்குத்தான் பொருத்தம். ஏற்காட்டு ஈரக் குளிர் கொஞ்சமும் ஆகாது. ஆனால் அபார்ட்மென்ட் பால்கனியில் வைக்க முடியாது, ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து தோண்டும், வேலியை முட்டிச் சாய்க்கும், சுவரின் அஸ்திவாரத்தையும் விடாது. தின்ன வேண்டியது புல். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி இலை, அவ்வளவுதான். வாழைப்பழமும் தக்காளியும் தினமும் போட்டு, "ஆசையா தின்னுதுங்க" என்பார்கள், நாமும்தான் ஜாங்கிரியை ஆசையாகத் தின்கிறோம். அளவுக்கு மீறிய தீனியும், குட்டிப் பருவத்தில் ஈரப்பதமே இல்லாத வறண்ட இடமும் சேர்ந்தால் ஓடு வழவழப்பாக வளராமல் கூம்பு கூம்பாகக் கிளம்பும், வந்தால் போகாது. தண்ணீருக்கு ஆழமில்லாத அகலத் தட்டு போதும். இது சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம் என்பதால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், விற்கிறவர் "பேப்பரெல்லாம் வேண்டாங்க" என்று சொன்னால் அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

வைத்தியம் பெரிய தலைவலி. நாய் பூனை பார்க்கிற எல்லா டாக்டருக்கும் ஆமை தெரிந்திருக்காது, அது அவர்கள் குற்றமும் இல்லை. எங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிதான் கை கொடுக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சிக்காகப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி ஆமைக்கு விஷம். சேலத்தில் ஒரு இடத்தில் என் கண்ணெதிரே ஊசியில் ஏற்றிவிட்டார்கள், என்ன மருந்து என்று கேட்டதால் தப்பித்தோம். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் ஆமையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பெண் ஆமை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண் இல்லாவிட்டாலும் கோழி மாதிரி அது முட்டை வைக்கும். மூலை மூலையாகப் பின்னங்காலால் பிறாண்டும், தின்னாது, வெளியே வரத் துடிக்கும், அப்போது ஒரு அடி ஆழத்துக்கு ஈரமண்ணும் மணலும் கலந்த பெட்டி இல்லையென்றால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆணா பெண்ணா என்று பார்க்க, முன்னங்கால் நகம் நீளமாகவும் வால் தடித்து நீண்டும் இருந்தால் ஆண். குட்டியில் தெரியாது, கடைக்காரர் தெரியும் என்றால் சும்மா சொல்கிறார்.

வளர்க்க முடியாமல் போனவர்கள் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொண்டுபோய் விடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். விட்டவருக்குப் பாவம் தீர்ந்தது, ஏரிக்கு ஆரம்பித்தது. உலகத்தின் மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஸ்லைடரும் இருக்கிறது, தவளைக் குஞ்சு, மீன், செடி என்று எதையும் விடாது, நம் ஆமை வெயில் காய்கிற கல்லையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். கேரளத்தில் திருச்சூர் பக்கத்து நீர்நிலைகளில் இது சிக்க ஆரம்பித்த பிறகு, பீச்சியில் இருக்கிற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்து இவற்றைச் சேகரிக்க இறங்க வேண்டியதாயிற்று. இங்கே அப்படி யாரும் வாங்கிக்கொள்வதாக எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் கையில் இருப்பதை வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைப்பது ஒன்றுதான் வழி.

அப்படி ஒப்படைக்க இப்போதைக்கு அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் இரண்டு ஆண் ஸ்லைடர்கள் இருக்கின்றன, வீட்டுக்காரர்கள் வெளியூர் மாறிப் போகிறார்கள். காசு வேண்டாம். இரண்டையும் ஒரே தொட்டியில் விட முடியாது, கடித்துக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றாகத்தான் தருவார்கள். தொட்டி கட்டி முடித்து, வலை அடித்து, தண்ணீர் விட்டு வைத்திருப்பவர்கள் தொட்டியின் போட்டோவோடு எனக்கு எழுதுங்கள். கட்டப் போகிறேன் என்பவர்கள் கட்டியதும் எழுதுங்கள்.